நிதி ஆலோசகர் பணியைத் தொடங்குதல்

நிதி ஆலோசகர் என்பவர் ஒரு தனிமனிதரின் அல்லது குடும்பத்தின் வருமானம், செலவு, கடன், சேமிப்பு, காப்பீடு, முதலீடு ஆகியவற்றை ஒருசேரப் பார்த்து, எதை முதலில் செய்ய வேண்டும், எதைச் செய்யாமல் விட வேண்டும் என்று வழிகாட்டுபவர். இந்தியாவில் பட்டப்படிப்பை முடித்த இளைஞர்கள் பலர் இப்பணியை நாடுகின்றனர். பெரிய முதலீடு தேவையில்லை, சொந்த ஊரிலேயே இருக்கலாம், வயது வரம்பு இல்லை என்பன இதன் கவர்ச்சிகள். ஆனால் இத்துறையில் நுழையும் பலரும் ஒரு கேள்வியைக் கேட்காமலே நுழைந்துவிடுகின்றனர். தமக்குச் சம்பளம் தரப்போவது யார், ஆலோசனை கேட்டு வருபவரா, திட்டத்தை விற்கும் நிறுவனமா என்பதே அக்கேள்வி. தேர்வு, பதிவு, வருமானம், நற்பெயர் எல்லாம் இதற்கான விடையைப் பொறுத்தே அமைகின்றன.

பெயரில் உள்ள சிக்கல்

ஊர்ப்புறத்தில் எல்.ஐ.சி. ஏஜென்ட், ம்யூச்சுவல் ஃபண்டு விநியோகஸ்தர், வங்கியில் முதலீட்டுப் பிரிவில் அமர்ந்திருக்கும் அலுவலர், பங்குத் தரகு நிறுவனத்தின் கிளைப் பொறுப்பாளர் ஆகிய அனைவரும் தம்மை நிதி ஆலோசகர் என்றே சொல்லிக்கொள்வது வழக்கம். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. இந்தியப் பங்கு பரிவர்த்தனை வாரியமான செபி, முதலீட்டு ஆலோசகர்களுக்கான ஒழுங்குமுறை விதிகளை 2013ஆம் ஆண்டு வெளியிட்டது. பங்கு, கடன்பத்திரம், ம்யூச்சுவல் ஃபண்டு போன்றவற்றில் முதலீடு செய்வது குறித்துக் கட்டணம் பெற்று ஆலோசனை கூறுபவர் செபியிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பது இவ்விதிகளின் சாரம். 2020ஆம் ஆண்டுத் திருத்தங்களுக்குப் பிறகு, செபியிடம் பதிவு பெறாத விநியோகஸ்தர் ‘சுயேச்சை நிதி ஆலோசகர்’, ‘செல்வ ஆலோசகர்’ போன்ற பெயர்களைப் பயன்படுத்தவே கூடாது. பெயர்ப்பலகையிலும் முகவரி அட்டையிலும் ‘ம்யூச்சுவல் ஃபண்டு விநியோகஸ்தர்’ என்றுதான் போட்டுக்கொள்ளலாம்.

இது வெறும் பெயர்ச் சண்டை அன்று. மருந்துக்கடைக்காரரிடம் தலைவலிக்கு மாத்திரை கேட்டு வாங்குகிறோம். அவர் நல்லவராகவும் அனுபவசாலியாகவும் இருக்கலாம். ஆனாலும் “மாத்திரையே வேண்டாம், தூங்கினால் சரியாகிவிடும்” என்று சொல்வதால் அவருக்கு வருமானம் இல்லை. விநியோகஸ்தருக்கும் ஆலோசகருக்கும் சட்டம் கோடு போட்டுப் பிரித்ததற்குக் காரணம் இதுவே.

ஒரு குடும்பம், மூன்று விடைகள்

கற்பனையாக ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். ஓசூரில் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரியும் 36 வயதுக்காரர். மாதச் சம்பளம் 45,000 ரூபாய். மனைவி, இரண்டு பிள்ளைகள், உடன் வசிக்கும் தாயார். தங்கையின் திருமணத்துக்கு வாங்கிய தனிநபர் கடனில் 3 லட்சம் ரூபாய் பாக்கி நிற்கிறது. வட்டி ஆண்டுக்கு 15 விழுக்காடு. கையில் போனஸும் சீட்டுப் பணமும் சேர்ந்து 2 லட்சம் ரூபாய் இருக்கிறது. “இதை எதில் போடலாம்?” என்று கேட்கிறார்.

அவருக்குச் சொல்ல வேண்டிய விடை கடினமானதன்று. சிறிதளவு பணத்தை அவசரத் தேவைக்கென வங்கியில் வைத்துக்கொண்டு, மீதியை அந்தக் கடனைக் குறைக்கப் பயன்படுத்த வேண்டும். 15 விழுக்காடு வட்டியை மிச்சப்படுத்துவது, 15 விழுக்காடு உறுதியான இலாபம் பெறுவதற்குச் சமம். உறுதியாக அவ்வளவு தரும் நேர்மையான திட்டம் எதுவும் இல்லை. (கடனை முன்கூட்டி அடைத்தால் வங்கி அபராதக் கட்டணம் விதிக்குமா என்று கடன் ஒப்பந்தத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும், பலரும் இதை மறந்துவிடுகின்றனர்.) பிறகு, அவர் இறந்துபோனால் குடும்பம் நிற்கும்படியாக ஒரு டெர்ம் காப்பீடு. தொழிற்சாலை தரும் மருத்துவக் காப்பீடு வேலை போனால் உடன் போய்விடும் என்பதால் தனியாக ஒரு மருத்துவக் காப்பீடு. வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் நாமினி பெயர் சரியாக உள்ளதா என்று பார்த்தல். திருமணத்துக்கு முன் தாயார் பெயரைக் கொடுத்துவிட்டு அப்படியே விட்டவர்கள் ஏராளம்.

இப்போது இந்த விடைகளால் ஆலோசனை சொன்னவருக்கு என்ன கிடைக்கும் என்று பார்க்கலாம். கடனை அடைக்கச் சொன்னதற்கு ஒரு ரூபாய்கூடக் கிடையாது. நாமினியைச் சரிசெய்ததற்கும் கிடையாது. அதே 2 லட்சத்தை ம்யூச்சுவல் ஃபண்டில் போடச் சொல்லியிருந்தால், தொடர் கமிஷன் 0.8 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 1,600 ரூபாய். ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் பிரீமியம் கட்டும் நீண்டகால ஆயுள் காப்பீட்டுப் பாலிசியாக மாற்றியிருந்தால், முதல் ஆண்டில் மட்டும் 35,000 ரூபாய் வரை கிடைத்திருக்கும். பன்னிரண்டு ஆண்டு அல்லது அதற்கு மேல் பிரீமியம் கட்டும் பாலிசிகளுக்கு முதல் ஆண்டுக் கமிஷன் 35 விழுக்காடு வரை இருக்கலாம் என்று முன்பு விதி இருந்தது. 2023 முதல் தனித்தனி உச்சவரம்பு நீக்கப்பட்டு, மொத்தச் செலவு வரம்புக்குள் நிறுவனங்களே கமிஷனை முடிவு செய்துகொள்கின்றன. நிறுவனத்துக்கு நிறுவனம் அளவு மாறினாலும், முதல் ஆண்டில் அதிகம், பிறகு குறைவு என்ற அமைப்பு பெரிதும் மாறவில்லை.

கேட்டவருக்கு மிக நல்ல விடை எதுவோ அதற்குக் கூலி இல்லை; அவருக்கு மிகக் குறைவாகப் பயன்படும் விடைக்கே கூலி அதிகம். கமிஷன் வாங்குவோர் எல்லாரும் கெட்டவர்கள் என்று இதற்குப் பொருளில்லை. கமிஷனில் வாழ்ந்தும் வாடிக்கையாளரிடம் முதலில் கடனை அடைக்கச் சொல்லும் முகவர்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றனர். அவர்களுக்குத்தான் இரண்டாம் தலைமுறை வாடிக்கையாளர்கள் கிடைக்கின்றனர். ஆனால் தொடக்க நிலையில், வாடகைக்குப் பணமில்லாத மாதத்தில், இந்த இழுப்பு எவ்வளவு பலமானது என்பதைத் தெரிந்துகொண்டே நுழைவது நல்லது.

நுழைவாயில்கள்

மிக எளிதில் திறக்கும் வாயில் காப்பீட்டு முகமை. 18 வயது நிறைந்து பத்தாம் வகுப்புத் தேறியவர், ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் வழியாகப் பயிற்சி பெற்று, ஐ.சி. 38 எனப்படும் தேர்வை எழுதலாம். ஐம்பது வினாக்கள், 35 விழுக்காடு பெற்றால் போதும். பாடநூல் தமிழிலும் உண்டு. இத்துறையைக் கண்காணிப்பது காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம். 1956 செப்டம்பர் 1 அன்று எல்.ஐ.சி. தொடங்கப்பட்ட நாளிலிருந்து தமிழ்நாட்டின் சிற்றூர்கள்வரை காப்பீட்டைக் கொண்டுசேர்த்தவர்கள் இம்முகவர்களே. பள்ளி ஆசிரியர் அறைகளிலும் பஞ்சாயத்து அலுவலகத் திண்ணைகளிலும் அமர்ந்து படிவம் நிரப்பிய அவர்களுக்கு அக்குடும்பங்களின் வரலாறே தெரியும். புதிதாக வருபவர் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். முதல் பிரீமியத்தைத் தாமே கட்டுகிறேன், கமிஷனில் பாதி தருகிறேன் என்று ஆசைகாட்டுவது 1938ஆம் ஆண்டு காப்பீட்டுச் சட்டத்தின் 41ஆவது பிரிவின்படி குற்றம். ஊரில் எல்லாரும் செய்கிறார்கள் என்பது சட்டத்தின் முன் பதிலாகாது.

அஞ்சலகச் சிறுசேமிப்பு முகமை பெரிதும் பெண்களுக்கான வாயில். மகிளா பிரதான் திட்டத்தின் கீழ்ப் பெண்கள் மட்டுமே அஞ்சலகத் தொடர் வைப்புக் கணக்கு முகவர்களாகலாம். கமிஷன் 4 விழுக்காடு. மாதந்தோறும் வீடு வீடாகச் சென்று தொகை வாங்கி அஞ்சலகத்தில் செலுத்தி, அட்டையில் பதிந்து தருவது அவர்கள் வேலை. 2011 டிசம்பர் முதல் பொது வருங்கால வைப்பு நிதி, மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் ஆகியவற்றுக்கான முகவர் கமிஷனை மத்திய அரசு நிறுத்திவிட்டது. இந்த மகளிர் முகமைக்கான கமிஷனை மட்டும் குறைக்கவில்லை. இதில் பெரும் வருமானம் வராது. ஆனால் பிறர் பணத்தைக் கணக்குப் பிசகாமல் கையாளும் பழக்கத்தை இதைவிட நன்றாகக் கற்பிக்கும் இடம் வேறில்லை.

ம்யூச்சுவல் ஃபண்டு விநியோகஸ்தராக விரும்புவோர், செபி நிறுவிய தேசியப் பங்குச் சந்தைக் கல்வி நிறுவனமான என்.ஐ.எஸ்.எம். நடத்தும் ஐந்து-ஏ தேர்வில் தேற வேண்டும். நூறு மதிப்பெண், இரண்டு மணி நேரம், ஐம்பது பெற்றால் தேர்ச்சி. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. பாடநூலை இணையத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். ஒழுங்காக ஒரு மாதம் படித்தால் வணிகவியல் படிக்காதவரும் தேறலாம். பின்னர் 1995இல் தொடங்கப்பட்ட ஆம்ஃபி என்னும் ம்யூச்சுவல் ஃபண்டுகளின் சங்கத்திடம் ஏ.ஆர்.என். என்ற பதிவு எண் பெற்று, ஒவ்வொரு ஃபண்டு நிறுவனத்துடனும் விநியோகஸ்தராகச் சேர வேண்டும். சான்றிதழ் மூன்றாண்டுகளுக்குச் செல்லும். பிறகு புதுப்பிக்க வேண்டும்.

செபியிடம் பதிவு பெற்ற முதலீட்டு ஆலோசகராவது நான்காவது வாயில். முன்பு இதற்கு முதுகலைத் தகுதி, ஐந்தாண்டு அனுபவம், தனிநபருக்கு 5 லட்சம் ரூபாய் நிகரச் சொத்து எனக் கடும் நிபந்தனைகள் இருந்தன. விளைவாக, நூற்று நாற்பது கோடி மக்கள் வாழும் நாட்டில் பதிவு பெற்ற ஆலோசகர்களின் எண்ணிக்கை ஆயிரத்துக்கும் கீழே இறங்கியது. 2024 டிசம்பரில் செபி விதிகளைத் தளர்த்தியது. இப்போது பட்டப்படிப்பு போதும், அனுபவம் கட்டாயமில்லை. நிகரச் சொத்துக்குப் பதிலாக, 150 வாடிக்கையாளர்வரை ஒரு லட்சம் ரூபாய் வைப்புத்தொகை வைத்தால் போதும். வாடிக்கையாளர் எண்ணிக்கை கூடக்கூட வைப்புத்தொகையும் கூடும். என்.ஐ.எஸ்.எம். நடத்தும் பத்து-ஏ, பத்து-பி ஆகிய இரு தேர்வுகளிலும் தேற வேண்டும். இவற்றில் 60 விழுக்காடு வேண்டும், தவறான விடைக்கு மதிப்பெண்ணும் குறையும். ஐந்து-ஏ தேர்வோடு ஒப்பிட்டால் இவை கடினமானவை. வரி, ஓய்வூதியத் திட்டமிடல், காப்பீடு, கடன் நிர்வாகம் என்று பரப்பும் பெரிது. பதிவு பெற்ற தனிநபர் ஆலோசகர், கமிஷனுக்காகத் திட்டங்களை விற்கக் கூடாது; வாடிக்கையாளர் தரும் கட்டணமே அவர் வருமானம்.

இத்திருத்தத்தில் பலர் கவனிக்காத ஒரு வசதி உண்டு. வேறு தொழிலில் இருப்பவர் பகுதிநேர ஆலோசகராகவும் பதிவு பெறலாம். 75 வாடிக்கையாளர்களுக்கு மேல் கூடாது, அவருடைய மற்ற தொழில் பிறர் பணத்தை நிர்வகிப்பதாக இருக்கக் கூடாது என்பன நிபந்தனைகள். வேலையை விட்டுவிட்டு இருட்டில் குதிக்கத் தயங்குவோருக்கு இது நல்ல படிக்கட்டு. அரசுப் பணியில் உள்ளவர்கள் தம் பணி விதிகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சி.எஃப்.பி. என்னும் சான்றுபெற்ற நிதித் திட்டமிடுநர் பட்டம் உலகின் பல நாடுகளில் மதிக்கப்படுவது. அறிவுக்கு நல்லது. ஆனால் அது மட்டும் கையில் இருந்தால் ஆலோசனைக் கட்டணம் வாங்கும் உரிமை வந்துவிடாது. செபி பதிவு தனி.

முதல் ஆண்டுகளின் கணக்கு

துறையில் சேர்ந்தவர்களில் பலர் ஏன் இரண்டு, மூன்று ஆண்டுகளில் விலகுகின்றனர் என்பதற்குக் கணக்கே விடை சொல்லும். ம்யூச்சுவல் ஃபண்டு விநியோகஸ்தர் முதலீட்டாளரிடமிருந்து நுழைவுக் கட்டணம் பெறுவதை 2009 ஆகஸ்டில் செபி தடுத்தது. ஃபண்டு நிறுவனங்கள் முன்கூட்டியே மொத்தமாகத் தந்த கமிஷனையும் 2018இல் நிறுத்தியது. இப்போது பெரும்பாலும் கிடைப்பது தொடர் கமிஷனே. வாடிக்கையாளரின் பணம் ஃபண்டில் இருக்கும்வரை அதன் மதிப்பில் சிறு விழுக்காடு வந்துகொண்டிருக்கும்.

ஒருவர் முதல் ஆண்டின் தொடக்கத்திலேயே முப்பது குடும்பங்களைச் சேர்த்துவிட்டார் என்று கொள்வோம். இதுவே பெரிய சாதனை. ஒவ்வொரு குடும்பமும் மாதம் 3,000 ரூபாய் எஸ்.ஐ.பி. போடுகிறது. மாதத்துக்கு 90,000 ரூபாய் சேர்ந்துகொண்டே போகும். ஆண்டு முழுவதற்கும் சராசரி பார்த்தால் 5.85 லட்சம் ரூபாய் இருப்பு. 0.8 விழுக்காடு கமிஷன் என்றால் அந்த ஆண்டு வருமானம் 4,680 ரூபாய். மாதத்துக்கு அன்று, ஆண்டுக்கு. பெட்ரோல் செலவுக்குக்கூடப் போதாது.

இரண்டாம் ஆண்டு இன்னும் முப்பது குடும்பங்கள் இதே அளவில் சேர்ந்தால் வருமானம் 18,000 ரூபாய். மூன்றாம் ஆண்டு மேலும் முப்பது சேர்ந்தால் ஏறத்தாழ 40,000 ரூபாய். சந்தையின் ஏற்ற இறக்கத்தை இக்கணக்கில் சேர்க்கவில்லை. இப்படியே பத்தாண்டுகள் தளராமல் போய், முந்நூறு குடும்பங்கள் யாரும் நிறுத்தாமல் கட்டிவந்தால், பத்தாவது ஆண்டின் வருமானம் 4.35 லட்சம் ரூபாயைத் தாண்டும். முதலீடு வளர்ந்திருந்தால் அதற்கும் மேல் போகும். அதன் பிறகு புதிதாக ஒருவரும் சேராவிட்டாலும் வருமானம் உயர்ந்துகொண்டிருக்கும். தென்னை வைத்தவன் கதைதான். காய்க்கும்வரை ஊடுபயிர் வேண்டும்.

இங்கேதான் முன்சொன்ன இழுப்பு வருகிறது. இரண்டாம் ஆண்டில் அறுபது குடும்பங்களுக்குச் சேவை செய்து பெற்ற 18,000 ரூபாயை, ஆண்டுக்கு 50,000 ரூபாய் பிரீமியம் உள்ள ஒரே ஒரு பாலிசியை 35 விழுக்காடு கமிஷனில் விற்றிருந்தால், ஒரு மாலைப் பொழுதில் ஏறக்குறைய ஈட்டியிருக்கலாம். வாங்கியவர் இரண்டு ஆண்டு கட்டிவிட்டு முடியாமல் நிறுத்தினால் கட்டியதில் கணிசமான பகுதியை இழப்பார். விற்றவருக்குக் கமிஷன் கையில் வந்திருக்கும். அடுத்த தெருவில் அவர் பெயர் என்ன ஆகும் என்பது வேறு கணக்கு.

கட்டண ஆலோசகரின் கணக்கு வேறு விதமானது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய் கட்டணம் என்றால் நாற்பது குடும்பங்களுக்கு 4 லட்சம் ரூபாய். விநியோகஸ்தர் பத்தாண்டில் எட்டுவதை இவர் மூன்று, நான்கு ஆண்டில் எட்ட முடியும். ஆனால் அந்த நாற்பது பேரைக் கண்டுபிடிப்பது எளிதன்று. வழக்கறிஞருக்கும் மருத்துவருக்கும் தயங்காமல் பணம் தரும் நம்மவர்கள், பண விஷயத்தில் “சொல்றதுக்கு எதுக்குங்க காசு?” என்று கேட்பார்கள். கமிஷன் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது, கட்டணம் கையிலிருந்து போகிறது. அதனால் இலவசமாகக் கிடைக்கும் ஆலோசனைக்குத் தாம் கொடுக்கும் விலை பலருக்குத் தெரிவதில்லை. 2013 ஜனவரி முதல் ஒவ்வொரு ம்யூச்சுவல் ஃபண்டிலும் கமிஷன் இல்லாத நேரடித் திட்டம் உள்ளது என்பதை எடுத்துக்காட்டி, பத்து லட்சம் ரூபாய் இருப்புக்கு இரண்டு திட்டங்களுக்கும் ஆண்டுச் செலவில் எத்தனை ஆயிரம் வேறுபாடு என்று தாளில் எழுதிக் காட்டினால் புரிந்துகொள்வார்கள். கட்டணத்துக்கும் உச்சவரம்பு உண்டு: நிலையான கட்டண முறையில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 1,51,000 ரூபாய், நிர்வகிக்கும் சொத்தின் மதிப்பைக் கொண்டு வாங்கினால் ஆண்டுக்கு 2.5 விழுக்காடு.

எனவே தொடங்குபவர் இரண்டு ஆண்டுக் குடும்பச் செலவுக்கான பணத்தைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். அல்லது வேறு வேலையில் இருந்துகொண்டே தொடங்க வேண்டும். வங்கியிலோ ஃபண்டு நிறுவனத்திலோ இரண்டு ஆண்டு வேலை பார்த்துவிட்டு வருவதும் ஒரு வழி. அங்கே விற்பனை இலக்கு என்னும் கழுத்துப்பிடி இருக்கும். ஆயினும் படிவங்கள், நடைமுறைகள், மனிதர்கள் பணத்தைப் பற்றிப் பேசும்போது எதை மறைப்பார்கள் என்பதெல்லாம் பிறர் சம்பளத்தில் கற்றுக்கொள்ளலாம்.

வேலை எப்படி நடக்கிறது?

முதல் சந்திப்பில் நல்ல ஆலோசகர் திட்டத்தின் பெயர் எதையும் சொல்வதில்லை. கேள்விதான் கேட்பார். வீட்டில் யார் யார் சம்பாதிக்கின்றனர், யார் சார்ந்திருக்கின்றனர், நகைக்கடன் உண்டா, கைமாற்று உண்டா, யாருக்காவது ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறாரா, பிள்ளைகளின் படிப்புக்கு எத்தனை ஆண்டுகள் உள்ளன? ஜாமீன் கையெழுத்தைப் பற்றிக் கேட்காமல் விட்டால், பின்னாளில் மைத்துனரின் கடனுக்காக மொத்தத் திட்டமும் குலையும். கணவர் மட்டும் வந்தால் அடுத்த முறை மனைவியையும் அழைத்துவரச் சொல்வது நல்லது. வீட்டின் உண்மையான செலவு பெரும்பாலும் அவருக்குத்தான் தெரியும்.

இழப்பைத் தாங்கும் திறனை அளந்து எழுதிவைப்பதும், அதற்குப் பொருந்தும் ஆலோசனையை மட்டும் தருவதும் செபி விதிகளின்படி பதிவு பெற்ற ஆலோசகரின் கடமை. எழுத்து ஒப்பந்தம் இன்றிக் கட்டணம் வாங்கக் கூடாது. ஆவணங்களை ஐந்தாண்டு பாதுகாக்க வேண்டும்; ஆண்டுதோறும் விதிகளைப் பின்பற்றியதற்கான தணிக்கை செய்துகொள்ள வேண்டும். படிவம் நிரப்புவதாக எண்ணிச் சலித்துக்கொள்வோர் உண்டு. சந்தை சரிந்த மாதத்தில் “நீங்கதானே போடச் சொன்னீங்க” என்று ஒருவர் வந்து நிற்கும்போது அந்தத் தாள்தான் இருவருக்கும் பொதுவான நினைவு.

ஆலோசகரின் பயன் முழுமையாகத் தெரிவது வாடிக்கையாளர் இறந்த பிறகே. கணவர் எங்கெங்கே என்ன வைத்திருந்தார் என்று அறியாத மனைவி ஒரு மஞ்சள் பையில் பாஸ்புத்தகங்களையும் பாலிசித் தாள்களையும் போட்டுக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கும் காட்சி தமிழ்நாட்டில் புதிதன்று. உரிமை கோரப்படாத வங்கி வைப்புகளைத் தேட ரிசர்வ் வங்கி 2023இல் உத்கம் என்ற இணையதளத்தையே தொடங்க வேண்டியதாயிற்று. ஒவ்வொரு குடும்பத்துக்கும் கணக்கு எண், நாமினி, தொடர்புகொள்ள வேண்டிய அலுவலகம் ஆகியவை கொண்ட ஒரு பக்கக் குறிப்பைத் தயாரித்து, அதை மனைவியிடமோ வளர்ந்த பிள்ளையிடமோ விளக்கி ஒப்படைப்பவர் செய்வதே ஆலோசகர் வேலையின் மையம் எனலாம். அதற்குத் தேர்வு கிடையாது, கமிஷனும் கிடையாது.

நெருங்கக் கூடாத இடங்கள்

புதிதாகத் தொடங்குபவரின் முதல் வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் உறவினர்களும் நண்பர்களும் முன்னாள் வகுப்புத் தோழர்களுமே. இதை நன்கு அறிந்தவை, மாதம் 5 விழுக்காடு, 10 விழுக்காடு வட்டி தருவதாகச் சொல்லி ஆள்பிடிக்கும் நிறுவனங்கள். ஊரில் நம்பிக்கைக்குரியவராக உள்ள ஒருவரைப் பிடித்துக் கமிஷன் தந்தால் அவர் வழியாக ஒரு தெருவே வந்துவிடும் என்பது அவற்றின் கணக்கு. 1990களில் தமிழ்நாட்டில் நிதி நிறுவனங்கள் வரிசையாகச் சரிந்தபோது, முதலீட்டாளர்களைப் பாதுகாக்கத் தனிச் சட்டமே 1997இல் இயற்ற வேண்டியிருந்தது. 2012இல் கொங்கு மண்டலத்தில் ஈமுக் கோழித் திட்டங்கள் கவிழ்ந்தன. அதன் பிறகும் புதுப்புதுப் பெயர்களில் இது நடந்துகொண்டுதான் இருக்கிறது.

இவற்றில் முகவராகச் சேர்ந்தவர் பணத்தை மட்டும் இழப்பதில்லை. ஒழுங்குபடுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடைசெய்யும் 2019ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தின்படி, தெரிந்தே பொய்யான உறுதி தந்து இத்தகைய திட்டங்களில் மக்களைச் சேர்ப்பதும் சிறைத்தண்டனைக்குரிய குற்றம். சித்தப்பாவின் ஓய்வூதியப் பணத்தை வாங்கிக் கட்டியவர் பிறகு அந்த வீட்டு விசேஷத்துக்குப் போக முடியாது என்பது சட்டப் புத்தகத்தில் இல்லாத தண்டனை. யார் எவ்வளவு கமிஷன் தருவதாகச் சொன்னாலும், அத்திட்டம் செபி, ரிசர்வ் வங்கி, காப்பீட்டு ஆணையம் ஆகியவற்றில் எதன் கண்காணிப்பில் உள்ளது, சீட்டு என்றால் 1982ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவாகியுள்ளதா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

யூடியூபிலும் டெலிகிராமிலும் பங்குக் குறிப்புத் தருவதை ஆலோசகர் தொழிலின் தொடக்கம் என்று எண்ணும் இளைஞர்களும் உள்ளனர். பதிவில்லாமல் இன்ன பங்கை வாங்கு, இன்ன விலையில் விற்றுவிடு என்று சொல்வது விதிமீறல். பங்குச் சந்தைக் கல்வி கற்பிப்பவர்கள்கூட, கடைசி மூன்று மாத விலை விவரங்களைக் கொண்டு பங்குகளைக் குறிப்பிட்டுப் பேசக் கூடாது என்று 2025 ஜனவரியில் செபி தெளிவுபடுத்தியது. உறுதியான இலாபம் என்ற சொல்லை எந்த விளம்பரத்திலும் போடக் கூடாது.

இப்பணியைத் தொடங்க எண்ணும் மாணவர், தேர்வுக்குப் பணம் கட்டும் முன் தம் வீட்டுக் கணக்கைக் கொண்டே ஒரு பயிற்சி செய்து பார்க்கலாம். பெற்றோரின் அனுமதியுடன் வீட்டிலுள்ள பாலிசிகள், வைப்புகள், கடன்கள், நகை அடமானச் சீட்டுகள் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுத வேண்டும். ஒவ்வொன்றின் வட்டி, முதிர்வுத் தேதி, நாமினி பெயர் ஆகியவற்றையும் குறிக்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் இதற்கே இரண்டு வாரம் ஆகும்; காலாவதியான பாலிசி ஒன்றும் மறந்துபோன கணக்கு ஒன்றும் அகப்படும். அந்த நோட்டை வைத்துக்கொண்டு அப்பாவிடம் என்ன சொல்வது, எதை எப்படிச் சொன்னால் அவர் கேட்பார் என்று யோசிக்கத் தொடங்கும்போதே பாதிப் பாடத்திட்டம் முடிந்திருக்கும். மீதிப் பாதிக்கு என்.ஐ.எஸ்.எம். பாடநூல்கள் இருக்கின்றன.